உப்புநீரை வெல்ல வேண்டிய மருந்து

(மும்பை மாதுங்காவில் தமிழ்க் குடும்பங்களுக்காக நடந்த மருத்துவக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நுரையீரல் புற்றுநோயோ முற்றிய சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயோ உள்ளவருக்கு மூச்சு முட்டும்போது வீட்டார் முதலில் நாடுவது, மருந்தைப் புகைபோலாக்கி உள்ளிழுக்கச் செய்யும் நெபுலைசரைத்தான். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் சால்புட்டமால் என்ற மருந்து அதை விரித்துத் திணறலைத் தணிக்கும்; அதில் ஐயமில்லை. அந்தச் சிகிச்சைகளையெல்லாம் கொடுத்த பின்னும் தீராத திணறலுக்கு, அந்த உணர்வையே அடக்கும் மருந்தொன்றை உள்ளிழுக்கக் கொடுக்கலாமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

2000ஆம் ஆண்டில் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிஷினோ குழுவினர், நலமாயிருந்தவர்களிடம் செயற்கையாகத் திணறலை உண்டாக்கி, ஃப்யூரோசமைடை நெபுலைசர் வழியே கொடுத்துப் பார்த்தனர். லாசிக்ஸ் என்று நாம் அறிந்த, சிறுநீரை வெளியேற்றும் அதே மருந்துதான். திணறல் வெகுவாகக் குறைந்தது. நுரையீரல் விரிவதை வேகஸ் நரம்பின் வழியே மூளைக்கு அறிவிக்கும் உணர்விகளை அம்மருந்து தூண்டி, போதிய காற்று வந்துவிட்டதாக உணரச் செய்கிறது என்பது சொல்லப்படும் விளக்கம். அழகான விளக்கம்தான், ஆனால், பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மருந்து உட்செல்லும் விதத்தைக் கட்டுப்படுத்தி நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்விலும் அது, ஒப்பீட்டுக்காகக் கொடுத்த மருந்தில்லாத உப்புநீரை உறுதியாக விஞ்சவில்லை. நெபுலைசரில் கொடுத்த மார்பின் என்ற வலிநீக்கிக்கும் இதுவரை வலுவான சான்று கிடைக்கவில்லை.

இங்கே இடைமறிப்பது உப்புநீர். ஒப்பீட்டுக்காக வைக்கும் வெறும் உப்புநீர்ப் புகையே பலருக்கு ஓரளவு ஆறுதல் தந்துவிடுகிறது. ஈரம் சளியை இளக்கலாம். முகத்தில் படும் காற்று உதவலாம். ஒருவர் அருகிலிருந்து கவனிப்பதும் உதவலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திராத 239 நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், குழாய் வழியே வந்த ஆக்சிஜனும் சாதாரணக் காற்றும் ஒரே அளவு ஆறுதலையே தந்தன. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு, சிறு கைமின்விசிறியை முகத்துக்கு நேரே பிடித்ததையும் காலுக்கு நேரே பிடித்ததையும் ஒப்பிட்டது. முகத்தில் பட்ட காற்றே திணறலைக் குறைத்தது. காலில் படும் காற்றை ஒப்பீடாக வைத்த அந்த யோசனையை நான் இன்றும் வியக்கிறேன்.

ஆகவே, 'மருந்து கொடுத்தோம், நோயாளி தேறினார்' என்பது சோதனை ஆகாது. எவருக்கு மருந்து, எவருக்கு உப்புநீர் என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது. மார்பின் கசக்கும் என்பதால் சுவையே அந்த மறைப்பைக் கலைத்துவிடக்கூடும். பலனை அளக்க, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் போதாது. எண் 96 காட்டும்போதும் ஒருவர் தவிக்கலாம். சுழியத்திலிருந்து பத்து வரை நோயாளி தாமே சொல்லும் மதிப்பெண்தான் அளவுகோல். அமர்ந்திருக்கும்போது அவர் இரண்டு என்பார். தாராவி வீட்டின் இரும்பு ஏணியில் மாடியறைக்கு ஏறியவுடன் எட்டு என்பார். எப்போது கேட்டோம் என்பதையும் குறித்தாக வேண்டும். கேள்வி அவருடைய மொழியில் இருக்க வேண்டும். இந்தி, மராத்தி படிவத்தில் தோராயமாகக் கையைக் காட்டிய எண்ணை நான் நம்பமாட்டேன்.

மூச்சுக்காகப் போராடும் வேளையில் ஒருவரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்குவதை நான் ஏற்கவில்லை. திணறல் அடங்கியிருக்கும் நாளில், குடும்பத்தாரும் உடனிருக்க, உப்புநீர் மட்டுமே கிடைக்கும் வாய்ப்பும் உண்டு என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும். சோதனையின் நடுவே திணறல் கூடினால் வழக்கமான மருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டும். வேண்டாமென்று எப்போது விலகினாலும் சிகிச்சை குறையக்கூடாது. உங்கள் வீட்டில் எவரையேனும் இத்தகைய ஆய்வுக்கு அழைத்தால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அது பதிவாகியுள்ளதா என்று கேளுங்கள். அந்தப் பதிவு எண்ணைக் கொண்டு இணையத்தில் எவரும் விவரங்களைப் பார்க்கலாம்.