தொழிலாளியின் முதுமைக்குக் கைகொடுப்பது மாதப் பென்ஷனே!

நடுவர் அவர்களே, முதல் ஷிப்டு முடித்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கும் ஓசூர் சிப்காட் தோழர்களே, வணக்கம்.

"தொழிலாளியின் முதுமைக்குக் கைகொடுப்பது சங்கங்கள் கேட்கும் மாதப் பென்ஷனா, முதலாளியும் பங்கு போடும் சேமிப்பா?" இதுதான் தலைப்பு. நான் பென்ஷன் பக்கம்.

எதிரணித் தலைவர் நல்ல கணக்கோடு வந்தார். முதலாளி உங்கள் பென்ஷனுக்குக் கட்டும் 1,250 ரூபாயை மாதாமாதம் சேமிப்பில் போட்டால், இப்போதைய பிஎஃப் வட்டி 8.25 சதவீதத்தில் 30 வருடத்தில் சுமார் 18½ லட்சம். அதை ஆறரை சதவீதத்தில் பேங்கில் போட்டால் மாதம் 10,000. முதலும் கையில் நிற்கும். பென்ஷனோ 6,857 ரூபாய்தான் என்றார். கைதட்டினீர்கள். கணக்கு சரி, நானும் தட்டினேன். ஆனால் அந்தக் கணக்குப்படி வாழ்ந்த மனிதர் யார் என்று அவர் சொல்லவில்லை.

முதலில் சம்பளச் சீட்டை எடுங்கள். அடிப்படைச் சம்பளமும் (பேசிக்) பஞ்சப்படியும் (டிஏ) சேர்த்து 15,000 என்று வைப்போம். உங்களிடம் பிடிப்பது 12 சதவீதம், 1,800 ரூபாய். முதலாளி போடுவதும் 1,800. அதில் 8.33 சதவீதம், அதாவது 1,250, பென்ஷன் நிதிக்குப் போகிறது. மிச்சம் 550 உங்கள் பிஎஃப் கணக்கில் விழுகிறது. மத்திய அரசு 1.16 சதவீதம், 174 ரூபாய், பென்ஷன் நிதியில் மட்டும் போடுகிறது. ஆக எதிரணி கேட்கும், முதலாளி பங்கு போடும் சேமிப்பு உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது: உங்கள் 1,800, முதலாளியின் 550. அந்த 1,250ஐயும் பிடுங்கி அதே தொட்டியில் ஊற்று என்பதுதான் அவர்கள் வாதம். ஊற்றினால் அரசின் 174 கூட வராது.

அந்தத் தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறது, அதற்குப் பெயர் ஃபார்ம் 31, பிஎஃப்பில் இடையிலேயே பணம் எடுக்கும் விண்ணப்பம். வீடு கட்ட ஒருமுறை, மகள் கல்யாணத்துக்கு ஒருமுறை, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒருமுறை. வேலையை விட்டால் ஃபார்ம் 19 போட்டு மொத்தமாக. தப்பென்று சொல்லவில்லை, அவசரத்துக்கு உதவத்தானே பிஎஃப். ஆனால் எட்டாம் வருடத்தில் துடைத்து எடுத்த கணக்கில் முப்பதாம் வருடம் 18½ லட்சம் எப்படி இருக்கும்? கூட்டுவட்டி காசு கொடுப்பதே கடைசிப் பத்து வருடத்தில்தான். பென்ஷனை அடகு வைக்க முடியாது, மச்சான் கேட்டார் என்று தூக்கிக் கொடுக்க முடியாது. எடுக்க முடியாது என்பதுதான் ஐயா அதன் பலமே.

இன்னொரு கணக்கு. பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் மழை பொய்த்தால் நிலத்தை விட்டுவிட்டு 48 வயதில் செக்யூரிட்டிக்கும் கேன்டீனுக்கும் வருகிறார்களே, அவர்களுக்கு 30 வருடம் ஏது? பென்ஷன் தொடங்கும் 58 வயதுக்குப் பத்து வருடம்தான். அதே 1,250, அதே 8.25 வட்டியில் பத்து வருடத்துக்குச் சுமார் 2 லட்சத்து 28 ஆயிரம்; பேங்கில் போட்டால் மாதம் 1,235 ரூபாய் அளவில் வரும். பென்ஷன் சூத்திரம் என்ன? கடைசி 60 மாதச் சம்பளச் சராசரியைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பது. 20 வருடம் ஆனவருக்கு இரண்டு வருடம் கூட்டிக்கொள்வார்கள்; எதிரணி சொன்ன 6,857 அப்படி வந்ததுதான். 15,000ஐ 10ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 2,143. கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. இளமையில் சேர்ந்து ஒரே இடத்தில் 30 வருடம் நிற்பவருக்குச் சேமிப்பு லாபம், ஒத்துக்கொள்கிறேன். தாமதமாக வந்தவருக்குப் பென்ஷன்தான். கான்ட்ராக்டில் ஓடும் இந்த ஊரில் எந்த ரகம் அதிகம் என்று எதிரணியே சொல்லட்டும்.

"அப்படியானால் ஏன் பலருக்கு ஆயிரம் ரூபாய்தான் வருகிறது?" என்று கேட்டார் எதிரணித் தங்கை. நியாயமான கேள்வி. மூன்று காரணம் உண்டு. 2014 ஆகஸ்ட் வரை பென்ஷன் கணக்குக்கு எடுக்கும் சம்பள உச்சவரம்பு 6,500. அதற்கு முந்தைய சர்வீஸுக்கு அந்தக் கணக்குதான். இரண்டாவது, 58 வரை பொறுக்காமல் 50லேயே வாங்கினால் வருடத்துக்கு 4 சதவீதம் வெட்டு, அது கடைசிவரை தொடரும். மூன்றாவதுதான் பெரியது: துண்டு துண்டான சர்வீஸ்.

இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 2024 தொடக்கத்தில் ஒருவர் 9 வருடம் 3 மாதம் வேலை பார்த்துவிட்டு நிற்கிறார் என்று வைப்போம். ப்ரவுசிங் சென்டருக்குப் போகிறார். அங்கிருக்கும் தம்பி ஃபார்ம் 19ஐயும், பென்ஷன் பணத்தை எடுக்கும் ஃபார்ம் 10சியையும் சேர்த்தே தட்டிவிடுகிறார். 2024 ஜூன் வரை இந்தக் கணக்கில் ஆறு மாதத்துக்குக் குறைந்ததை விட்டுவிடுவார்கள், ஆகவே சர்வீஸ் 9 வருடம். அன்றைய அட்டவணைப்படி சம்பளத்தைப் போல் 9.33 மடங்கு, 15,000க்கு 1,39,950 ரூபாய். 9 வருடத்தில் முதலாளி கட்டியதே 1,35,000. வட்டி என்று பார்த்தால் ஐயாயிரம்கூட இல்லை! இன்னும் மூன்று மாதம் எங்காவது பிஎஃப் பிடிக்கும் இடத்தில் நின்றிருந்தால் 9½ வருடம், பென்ஷனுக்கு வேண்டிய 10 வருடமாகக் கணக்காகியிருக்கும். 58லிருந்து மாதம் 2,143, ஆயுசுக்கும். ஐந்தரை வருடத்தில் அந்த 1,39,950 திரும்பி வந்திருக்கும். மா பூவெடுக்கும்போதே தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் காய்ப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவரைக் கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தெரியும். அவருக்காவது அடுத்த வருடம் மரம் இருக்கும். 10சியில் பணத்தை எடுத்தவருக்கு மரமே இல்லை.

அதே 10சியில் இன்னொரு கட்டம் இருக்கிறது, ஸ்கீம் சர்டிபிகேட் என்று. அதை டிக் செய்தால் பணம் வராது, சர்வீஸ் பத்திரமாக நிற்கும். புது வேலை கிடைத்தால் பழைய யுஏஎன் நம்பரையே, அதாவது உங்கள் நிரந்தர பிஎஃப் நம்பரையே கொடுங்கள், புதிதாக ஒன்று போட விடாதீர்கள். பழைய கம்பெனி வேலை விட்ட தேதியைப் பதிந்ததா என்று போர்ட்டலில் பாருங்கள். அது இல்லாமல் இரண்டு கம்பெனி சர்வீஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், பென்ஷன் கேட்டு ஃபார்ம் 10டி போடும் அன்று மாட்டிக்கொள்ளும். கணக்கை மாற்றியபின் பாஸ்புக்கில் பென்ஷன் கட்டம் பூஜ்யம் காட்டும். பதறாதீர்கள். மாறுவது சர்வீஸ், பணம் அல்ல. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துப் பயந்து 10சி போட்டவர்கள் நிறைய.

பென்ஷன் நிதி திவாலானால் என்ன என்று அமெரிக்காவைக் காட்டினார்கள். 1963ல் ஸ்டூடிபேக்கர் கார் ஆலை மூடியபோது தொழிலாளர் பென்ஷன் பறிபோனது உண்மைதான். அந்த மாதிரி அனுபவத்துக்குப் பிறகுதான் 1974ல் பென்ஷனுக்குக் காப்பீட்டுச் சட்டமே வந்தது. 2022ல் லாரி ஓட்டுநர் சங்கத்தின் பென்ஷன் நிதி தள்ளாடியபோது அரசு சுமார் 3,600 கோடி டாலர் கொடுத்து நிறுத்தியது. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனியின் தொழிலாளர்களுடைய சேமிப்பில் முதலாளி போட்ட பங்கு எது தெரியுமா? என்ரான் ஷேர். 2001ல் கம்பெனி திவாலானபோது வேலையும் சேமிப்பும் சேர்ந்தே போயின. அதற்கு அரசு டாலர் கொட்டவில்லை.

நடுவரே, முதல் மணி கேட்டது, முடிக்கிறேன். வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால், ஒரே ஒரு மாதம் சந்தா போயிருந்தாலும் மனைவிக்கு மாதம் குறைந்தது 1,000 ரூபாய் பென்ஷன்; இரண்டு பிள்ளைகளுக்கு, ஆளுக்கு அதில் கால் பங்கு, 25 வயது வரை. ஒரு மாதச் சேமிப்பில் அந்தக் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும்? 1,250 ரூபாய். அந்தக் குறைந்தபட்ச 1,000 ரூபாயையும் 15,000 என்ற சம்பள உச்சவரம்பையும் உயர்த்தச் சொல்லி எதிரணி பேசியிருந்தால் நானும் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருப்பேன்.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி அந்த 18½ லட்சத்தை மறுபடி எடுப்பார். எடுத்தால் ஒன்று மட்டும் கேளுங்கள் ஐயா: "தம்பி, அந்த 30 வருடத்தில் ஃபார்ம் 31 எத்தனை தடவை போட்டீர்கள்?"