எத்தனை நாள் தங்கும்?

நேயர்களுக்கு வணக்கம். ஓர் இடம் மனிதர்கள் வாழ ஏற்றதா என்று தெரிந்துகொள்ள முதலில் எதைப் பார்க்க வேண்டும்? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பெரும்பாலானோர் மழை அளவைப் பார்க்கச் சொல்வார்கள். அதைப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அது பாதிக் கணக்கு. பெய்த நீர் அந்த இடத்தில் எத்தனை நாள் தங்குகிறது என்பது மீதிப் பாதி. தண்ணீர் பற்றி யார் பேச்செடுத்தாலும் குறுக்கே புகுந்து இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது என் வழக்கம். இன்று ஒலிவாங்கியே என் கைக்கு வந்துவிட்டதால் நீங்களும் இதைச் சில முறை பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மேகாலயாவில் இருக்கும் சிரபுஞ்சியைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். அவ்வூர் மக்கள் அதைச் சோரா என்பார்கள். 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரையிலான 12 மாதங்களில் அங்கே பெய்த மழை 26 மீட்டருக்கும் அதிகம். மில்லிமீட்டர் என்று சொல்ல வந்து நாக்குப் பிறழ்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், மீட்டர்தான். வழக்கமான ஆண்டிலும் ஏறத்தாழ 11 மீட்டர் பெய்கிறது. இத்தனை பெய்யும் ஊரில், குளிர்காலம் வந்தால் ஊற்றுகள் மெலிந்துவிடுகின்றன. குடத்தோடு தொலைவுக்கு நடக்கிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள்.

காரணம் சிக்கலானது ஒன்றுமில்லை. ஆண்டு மழையில் பெரும்பகுதி நான்கைந்து மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஊர் இருப்பதோ பீடபூமியின் விளிம்பில், செங்குத்தான பள்ளத்தாக்குகளின் தலைமாட்டில். காடு குறைந்த இடங்களில் மேல்மண் மெலிந்து பாறை வெளியே தெரிகிறது. விழுந்த நீருக்கு அங்கே நிற்க இடம் கிடையாது, நேராக வங்கதேசத்துச் சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. வருகிறது, போகிறது, அவ்வளவுதான்.

கெய்ரோவைப் பாருங்கள். ஆண்டு மழை சுமார் 25 மில்லிமீட்டர்தான். ஒரு நல்ல மழைநாளில் நம் தலையில் விழுவது அங்கே ஓர் ஆண்டுக்கு. ஆனாலும் கோடிக்கணக்கான மக்கள் அந்த நகரத்திலும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள். எத்தியோப்பிய மலைகளிலும் ஆப்பிரிக்காவின் பெரிய ஏரிகளைச் சுற்றியும் பெய்த மழையை நைல் ஆறு பல மாதங்களுக்குப் பரப்பி அவர்களிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. மழை எங்கோ பெய்யலாம், எப்போதோ பெய்யலாம். தேவைப்படும் நாளில் கைக்கு எட்டுகிறதா என்பதே கேள்வி.

நீர் தங்கும் இடங்களை ஒருமுறை சுற்றிவருவோம். காற்றில் இருக்கும் ஈரம் சராசரியாக ஒன்பது, பத்து நாட்களில் மழையாகவோ பனியாகவோ இறங்கிவிடும். ஆற்றில் இறங்கிய நீர் சில வாரங்களில் கடல் சேரும். மண்ணின் ஈரம் சில வாரம், சில மாதம். மலை உச்சியில் விழுந்த பனி வெயில்காலம் வரை காத்திருந்து மெல்ல உருகும். அதனால்தான் பனிமலைகளின் அடிவாரங்களில், மழையே இல்லாத மாதங்களிலும் ஆறு ஓடுகிறது. நிலத்தடி நீருக்குக் கணக்கே வேறு. சில ஆண்டுகளும் இருக்கலாம், பல்லாயிரம் ஆண்டுகளும் இருக்கலாம். சகாராவுக்குக் கீழே, அந்தப் பாலைவனம் பசுமையாக இருந்த காலத்தில் இறங்கிய நீரை லிபியா 1991 முதல் பெருங்குழாய்களில் கடற்கரை நகரங்களுக்குக் கொண்டுபோகிறது. அந்த இடத்துக்கு இன்று புது நீர் வருவது மிகமிகக் குறைவு.

இன்னொரு கணக்கும் நினைவிருக்கட்டும். உலகத்து நீரில் நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் நன்னீர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில். நாம் கண்ணால் பார்த்துப் பெருமைப்படும் ஆறு, ஏரி, குளம் எல்லாவற்றையும் கூட்டினாலும் நன்னீரில் நூறில் ஒரு பங்கைத் தொடாது. ஆனால் தண்ணீர் பற்றிய நம் சண்டைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியவை. கண்ணுக்குத் தெரியாததை நாம் கேட்டுக்கொண்டு எடுப்பதில்லை, சண்டை போட்டும் எடுப்பதில்லை. பேசாமல் எடுத்துவிடுகிறோம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன். கொஞ்சம் நேரம் எடுக்கும். ஈரானின் நடுப்பகுதி வறண்ட பீடபூமி. அங்கே யஸ்து என்ற பழைய நகரம் இருக்கிறது. ஆண்டு மழை 100 மில்லிமீட்டரை எட்டாத ஊர். அப்படிப்பட்ட ஊரில் பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் தோட்டம் வைத்து, மாதுளை வளர்த்து, மண்வீடு கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களை வாழவைத்தது கனாத்து என்னும் சுரங்கக் கால்வாய். வானொலியில் படம் போட முடியாது. ஆகையால் கண்ணை மூடிக்கொண்டு என்னோடு நடந்து வாருங்கள்.

தொலைவில் மலை. அதன் அடிவாரத்து மண்ணுக்குள் ஆழத்தில் நீர் இருக்கிறது. அங்கே ஒரு கிணறு தோண்டுகிறார்கள். அதற்குத் தாய்க்கிணறு என்று பெயர். ஊர் சில மைல் தள்ளி, சற்றுத் தாழ்வான இடத்தில் இருக்கிறது. ஊர்ப்பக்கத்திலிருந்து மலையை நோக்கி ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்குச் சுரங்கம் வெட்டிக்கொண்டே போகிறார்கள். தரை மேலே ஏறுகிறது, சுரங்கமோ ஏறக்குறையச் சமமாக, மிக மெல்லிய சரிவோடு போகிறது. கடைசியில் தாய்க்கிணற்று நீரைத் தொட்டுவிடும். பிறகு யாரும் இறைக்க வேண்டாம். நீர் தானாக வழிந்து சுரங்கம் வழியே ஊர்வாசலில் வெளியே வரும். வழி நெடுக, மண்ணை வெளியேற்றவும் காற்று உள்ளே வரவும் வரிசையாகக் குழிகள். விமானத்திலிருந்து பார்த்தால் பாலைவனத்தில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு தெரியும்.

சரிவுதான் கலை. அதிகமானால் நீர் வேகமெடுத்துச் சுரங்கத்தின் அடியை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். இதைத் தோண்டுவோருக்கு முகன்னி என்று பெயர். சுரங்கம் நேராகப் போகிறதா என்று பார்க்க, பின்னால் இரண்டு விளக்குகளை வைத்து அவை ஒன்றன்பின் ஒன்றாக மறைகின்றனவா என்று பார்ப்பார்கள். விளக்கு மங்கினால் காற்றும் சரியில்லை என்று தெரிந்துவிடும். கரஜி என்ற கணித அறிஞர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சரிவைக் கணக்கிடும் முறைகளை எழுதி வைத்திருக்கிறார். கொனாபாத் என்ற இடத்தில் உள்ள கனாத்தின் நீளம் 30 கிலோமீட்டருக்கு மேல். தாய்க்கிணற்றின் ஆழம் ஏறத்தாழ 300 மீட்டர். இரும்பு எந்திரம் எதுவும் இல்லாத காலத்து வேலை என்பதை மறந்துவிடாதீர்கள். 2016இல் யுனெஸ்கோ பாரசீகக் கனாத்துகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வெளியே வந்த நீரை எப்படிப் பங்கிட்டார்கள் தெரியுமா? ஒரு பெரிய பாத்திரத்தில் நீர். அதன்மேல் அடியில் நுண்ணிய துளையிட்ட ஒரு செம்புக் கிண்ணத்தை மிதக்கவிடுவார்கள். துளை வழியே நீர் ஏறி, கிண்ணம் நிறைந்து மூழ்கினால் ஒரு பங்கு நேரம் முடிந்தது. நாழிகை வட்டில் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே முறைதான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கிண்ணம் மூழ்கியதும் எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்கவிட்டு, கணக்குக்கு ஒரு கூழாங்கல்லை எடுத்து வைப்பார். பகலிலும் இரவிலும் இது நடக்கும். உங்கள் வயலுக்கு இத்தனை கிண்ணம், என் வயலுக்கு இத்தனை கிண்ணம். பங்கு லிட்டரில் இல்லை, நேரத்தில். எனவே வறட்சியில் ஓட்டம் குறைந்தால் எல்லோருடைய பங்கும் தானாகவே சேர்ந்து குறையும்.

எனக்கு இதில் பிடித்தது அந்தக் கட்டுப்பாடு. நிலத்தடியில் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவுதான் கனாத்தில் வழியும். அதற்கு மேல் ஒரு சொட்டு கேட்டாலும் தராது. குறையையும் சொல்லிவிடுகிறேன். குழாய் மாதிரி இதைத் திருகி மூட முடியாது. பயிர் இல்லாத குளிர்காலத்திலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தூர்வாராவிட்டால் இடிந்துபோகும், உள்ளே இறங்கியவர் உயிரோடு திரும்பாமல் போனதும் உண்டு. பழையது என்பதற்காகவே கைகூப்புகிறவன் இல்லை நான்.

இந்தக் கனாத்துகளில் பலவற்றை இன்று யாரும் இடிக்கவில்லை, அடைக்கவும் இல்லை. பக்கத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள். மோட்டார் இறைக்க இறைக்க நீர்மட்டம் சுரங்கத்துக்குக் கீழே இறங்கியது. கனாத்து அப்படியே இருக்கிறது, நீர்தான் இல்லை. மோட்டார் நல்ல கருவிதான், எத்தனையோ பேரின் முதுகைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதற்கு ஊறும் அளவு தெரியாது.

இதற்கு ஒரு புகைப்படச் சான்று உண்டு. கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் 1977இல் எடுத்த படம். ஜோசப் போலண்ட் என்ற நிலத்தடிநீர் ஆய்வாளர் ஒரு மின்கம்பத்தின் பக்கத்தில் நிற்கிறார். அவர் காலடியில் 1977 என்று ஒரு பலகை. அவர் தலைக்கு வெகு மேலே, கம்பத்தில் 1955 என்று ஒரு பலகை. அதற்கும் மேலே, ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் 1925. அந்தந்த ஆண்டில் தரை இருந்த இடங்கள் அவை. நிலத்தடி நீரை விவசாயத்துக்கு இறைத்ததில் தரை ஏறத்தாழ 9 மீட்டர் இறங்கியிருக்கிறது. மண்ணுக்குள் களிமண் அடுக்குகள் இருக்கும். அவற்றின் இடுக்குகளில் இருந்த நீர் வெளியேறியதும் மேலே உள்ள பாரம் அவற்றை நெரித்துவிடுகிறது. பிறகு நல்ல மழை பெய்தாலும் அந்த இடுக்குகள் பழையபடி திறப்பதில்லை. நீர் போனால் மறு ஆண்டு வரும். நீர் தங்கும் இடமே போய்விட்டால்? என் கேள்விக்கு இதைவிடக் கடுமையான பதிலை நான் பார்த்ததில்லை. மெக்சிகோ நகரமும் இப்படித்தான் கடந்த நூறு ஆண்டுகளில் சில பகுதிகளில் பல மீட்டர் தாழ்ந்திருக்கிறது.

தங்கினால் மட்டும் போதாது, கிட்டத்திலும் இருக்க வேண்டும். நீர் கனமான பொருள் என்பதைக் குழாய்வாசிகள் மறந்துவிடுகிறோம். ஒரு லிட்டர், ஒரு கிலோ. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 200 கிலோ. 20 லிட்டர் குடத்தில் பத்து நடை. போய், வரிசையில் நின்று, திரும்பிவர அரை மணிக்குள் ஆனால் அதை அடிப்படைக் குடிநீர் வசதி என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் கணக்கில் வைக்கின்றன. அந்த அரை மணியையே எடுத்துக்கொண்டாலும் பத்து நடைக்கு ஐந்து மணி நேரம். பெரும்பாலான வீடுகளில் அந்த ஐந்து மணி நேரம் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு நேரம் எந்த வீட்டிலும் கிடைக்காது. ஆகவே 50 லிட்டர் 20 ஆகச் சுருங்குகிறது, முதலில் குளியலும் கைகழுவலும் போகின்றன, பின்னாலேயே நோய் வருகிறது.

இந்த 50 லிட்டர் ஏழை ஊர்களின் கணக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மழையை நம்பி, அணைகளில் தேக்கி வாழும் நகரம். 2015 முதல் 2017 வரை மழை தொடர்ந்து ஏமாற்றியதில் தேக்கம் கரைந்தது. 2018 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான் என்று உத்தரவு. குழாயை மூடும் நாளைக்கூடக் குறித்துவைத்தார்கள். மக்கள் சிக்கனமாக இருந்ததால் அந்த நாள் தள்ளித் தள்ளிப் போய், அந்த ஆண்டு நடுவில் மழை வந்து காப்பாற்றியது. நீச்சல்குளங்கள் உள்ள நகரம் அது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் என்று பொருள். மரங்கள் நீரை ஆவியாக்கி ஊரைக் குளிர்விப்பது பற்றிப் பேச நினைத்திருந்தேன், அது போயிற்று. செவ்வாய்க் கோளுக்கு ஒரே வரி: அங்கே பனியாக நீர் இருக்கிறது, ஆனால் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லாததால் திரவமாகத் தேங்கி நிற்க வழியில்லை. அங்கேயும் கேள்வி தங்குவதுதான்.

கடைசியாக வைத்திருந்தது ஒருமுறை பயன்படுத்திய நீர் பற்றியது. கழுவிக் கொட்டிய நீரைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்தால் அதுவும் நீரை ஊரிலேயே தங்கவைப்பதுதானே. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வியர்வை, சிறுநீர், மூச்சின் ஈரம் எல்லாம் சேர்த்து 98 சதவீதம் வரை நீரை மீட்கிறார்கள். சிங்கப்பூர் 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் தருகிறது. இவர்களுக்கெல்லாம் முன்னோடி, இன்றைய நமீபியாவின் தலைநகர் விண்டூக். பாலைவனங்களுக்கு நடுவில் உள்ள அந்த நகரம் 1968 முதலே சுத்திகரித்த கழிவுநீரை நேராகக் குடிநீரோடு கலந்து வருகிறது. அதை எப்படிச் செய்கிறார்கள், முதல் மிடறு குடிக்க மக்கள் எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்பதற்குத் தனியாக ஓர் உரை வேண்டும். நிலையத்தார் அழைத்தால் வருகிறேன். வணக்கம்.