எடையைக் கேட்காத சான்றிதழ்

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரின் ஊபியில் கார்ப் பட்டறை நடத்துகிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக மற்றவர்களின் கார்களைத் தூக்கி நிறுத்தி, அடியிலிருந்து பார்ப்பதே என் வேலை. வேகத்தைப் பற்றியும் குதிரைத் திறனைப் பற்றியும் பேச ஆள் நிறைய உண்டு. நான் எடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரே நாளில் இரண்டு கார்களுக்கு டயர் மாற்றினோம். ஒன்று தொண்ணூறுகளின் மஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு பேர் மட்டும் அமரும் சின்னத் திறந்த கார். அதன் சக்கரத்தை ஒற்றைக் கையால் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். அடுத்தது பெட்ரோலிலும் மின்கலத்திலும் ஓடும் புத்தம்புதிய ஹைபிரிட் செடான். அதன் பின்சக்கரத்தை முழங்காலால் முட்டுக் கொடுத்துத்தான் தூக்க முடிந்தது. "அண்ணே, இது லாரிச் சக்கரமா?" என்று கேட்டான் பட்டறைத் தம்பி. அவன் கேட்டதில் தவறில்லை.

எண்பதுகளில் வந்த முதல் பிஎம்டபிள்யூ எம்5 ஏறத்தாழ 1,430 கிலோ. 286 குதிரைத் திறன். 2024இல் வந்த எம்5 ஒரு ஹைபிரிட், 727 குதிரைத் திறன் கொண்டது. எடை 2,400 கிலோவைத் தாண்டுகிறது. நாற்பது ஆண்டுகளில் ஒரு சிறிய காரையே முதுகில் ஏற்றிக்கொண்டுவிட்டது! அந்த எடையில் ஒரு பகுதி உயிர் காக்கும் எடை. காற்றுப்பையையும் வலுவான கூட்டையும் நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். மீதியைத்தான் சொல்கிறேன். மின்கலம் ஏறினால் பிரேக் பெரிதாக வேண்டும். பிரேக் பெரிதானால் சக்கரம் பெரிதாக வேண்டும். அதைத் தாங்க ஸ்பிரிங் விறைக்க வேண்டும். இத்தனையையும் இழுக்க இன்னும் பெரிய எஞ்சின். எடைதான் எடையை வளர்க்கிறது.

டயர் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டது. அதன் மேல் சுமையை இரட்டிப்பாக்கினால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. அதனால்தான் கனமான கார் வளைவில் திணறுகிறது. அந்தத் திணறலை மறைக்க மின்னணுக் கருவிகளை அடுக்குகிறார்கள். கார் திரும்பிவிடும், உண்மைதான். ஆனால் சாலை உங்கள் உள்ளங்கைக்கு வந்து சேராது.

இப்போது விலைக்கு வருகிறேன். 2023 அக்டோபரில் பி பிரிவு வாகன உரிமைச் சான்றிதழ் 150,001 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. காருக்கான விலை அல்ல, பத்தாண்டு உரிமைக்கு மட்டும். பெட்ரோல் காரின் எஞ்சின் 1,600 சிசியைத் தாண்டினாலோ, திறன் 130 குதிரையைத் தாண்டினாலோ அது பி பிரிவு. ஏறத்தாழ 1,300 கிலோ எடையுள்ள டொயோட்டா ஜிஆர்86-உம் அதே பிரிவு, 2,400 கிலோ எம்5-உம் அதே பிரிவு. சாலை வரியும் பெட்ரோல் காருக்கு எஞ்சின் கொள்ளளவைத்தான் பார்க்கிறது. எடை என்ன என்று யாரும் கேட்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மெலிந்த காரைச் செய்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரு காசு சலுகை இருந்தால், நம் தெருக்களில் ஓடும் கார்களே வேறாக இருக்கும்.

சரி, அத்தனை வெள்ளி கொடுத்து வாங்கிய எழுநூறு குதிரைத் திறனை எங்கே ஓட்டுவது? விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. நுழைவழியில் ஏறும்போதே, மூன்று நான்கு வினாடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அந்த எம்எக்ஸ்-5இன் சொந்தக்காரர் ஓர் ஆசிரியர். முன்பு வைத்திருந்த பெரிய காரை விற்றுவிட்டு, சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட இந்தப் பழைய காரை வாங்கினார். டயர் மாற்றிய அடுத்த ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரத்தில் என்னை ஏற்றிக்கொண்டு பழைய அப்பர் தாம்சன் சாலைக்குப் போனார். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூர் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்த சாலை அது. மழை விட்டிருந்தது, கூரையை மடக்கிவிட்டார். ஈர இலையின் வாசனை உள்ளே வந்தது. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கி, ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினார். காரின் மூக்கு அந்தக் கணமே திரும்பியது. வேகமானியைப் பார்த்தேன், நாற்பதுகூட இல்லை. அவர் முகத்தில் பதினெட்டு வயதுப் பையனின் சிரிப்பு.

வளைவு முடிந்ததும் ஓரமாக நிறுத்தி, "சுற்றிக்கொண்டு வந்து இன்னொரு முறை போகலாமா?" என்று கேட்டார்.

போகலாம் என்றேன்.