மின்கலம் வெல்லலாம், பங்கு வெல்லுமா?

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

2020 டிசம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தையில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இயங்கும் குவாண்டம்ஸ்கேப் என்ற மின்கல நிறுவனம் சந்தைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதன் பங்கு 130 டாலரைத் தாண்டியது. அந்த விலையில் கணக்கிட்டால், நூறாண்டுக்கும் மேலாகக் கார் செய்துவரும் ஃபோர்டைவிட அதன் சந்தை மதிப்பு அதிகம். அன்று வரை அது ஒரு மின்கலத்தைக்கூட விற்றதில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 இறுதியில், அதே பங்கின் விலை சுமார் 5 டாலர்.

இதைக் கேட்டதும் மோசடி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதன் அறிவியல் உண்மையானது, அழகானதும்கூட. இன்றைய லித்தியம் மின்கலத்துக்குள் எளிதில் தீப்பற்றும் திரவம் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு மின்முனை கிராஃபைட்டால் ஆனது; அதற்குப் பதிலாக லித்தியம் உலோகத்தையே வைத்தால் அதே எடையில் கூடுதல் ஆற்றலைச் சேமிக்கலாம். ஆனால் மின்னேற்றும்போது லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து மறுமுனையைத் தொட்டு மின்கசிவை உண்டாக்கிவிடுகிறது. அந்த ஊசிகளைத் தடுக்க நடுவே பீங்கான் போன்ற மெல்லிய திடத் தகட்டை வைப்பதுதான் இந்த நிறுவனத்தின் வழி. இத்தகையதைத்தான் திடநிலை மின்கலம் என்கிறார்கள். 15 நிமிடங்களில் 80 சதவீதம் மின்னேற்ற முடிகிறது என்று அந்த டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டார்கள். நானும் வியந்தேன்.

ஆனால் அவை ஒற்றை அடுக்கு கலத்தில் கிடைத்த முடிவுகள். காருக்கு வேண்டிய கலத்தில் பல அடுக்குகள் இருக்க வேண்டும், அப்படிப்பட்ட கலங்களை லட்சக்கணக்கில் பிழையின்றிச் செய்ய வேண்டும். ஒரு தோசை முறுகலாக வந்ததை நம்பி ஆயிரம் பேருக்கு இலை போட முடியாது.

அடுத்து போட்டி. திடநிலை மின்கலம் என்றதும் டொயோட்டாவையும் சாம்சங் எஸ்டிஐ நிறுவனத்தையும்தான் பலர் எண்ணுகிறார்கள். இருவரும் 2027ஐ ஒட்டிய ஆண்டுகளைக் குறிவைத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் பெரிய போட்டியாளர், இன்று சாலையில் ஓடும் சாதாரண மின்கலம்! புளூம்பெர்க் என்இஎஃப் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, கார் உட்பட எல்லாப் பயன்பாடுகளுக்குமான லித்தியம் மின்கலத் தொகுப்பின் சராசரி விலை 2024இல் மட்டும் 20 சதவீதம் சரிந்து, ஒரு கிலோவாட்-மணி (ஒரு யூனிட்) கொள்ளளவுக்கு 115 டாலரானது. சீனாவின் சிஏடிஎல், பிஒய்டி நிறுவனங்களின் மலிவான லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்கள் இந்தச் சரிவுக்கு முக்கியக் காரணம். புதிய நிறுவனம் ஆய்வுக்கூடத்தில் செலவிடும் ஒவ்வோர் ஆண்டும் எதிரியின் விலை கீழே போகிறது. முதலீட்டாளர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

இந்த இரும்பு பாஸ்பேட்டுக்கே ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏ123 சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் இதே வேதியியலை நம்பி வளர்ந்தது. 2009 செப்டம்பரில் 13.50 டாலருக்குப் பங்கு வெளியிட்டது, முதல் நாளிலேயே விலை 50 சதவீதம் ஏறியது. அமெரிக்க அரசும் 249 மில்லியன் டாலர் மானியம் ஒதுக்கியது. 2012 மார்ச்சில், ஃபிஸ்கர் கார்களுக்குக் கொடுத்தவை உட்படக் குறையுள்ள மின்கலங்களை மாற்றித்தர வேண்டியதாயிற்று. அந்த அக்டோபரில் நிறுவனம் திவால். 2024இல் உலக மின்சார வாகன மின்கலச் சந்தையில் ஏறத்தாழப் பாதி அதே வகை மின்கலம்தான். ஏ123 பங்குதாரர்கள் தொழில்நுட்பத்தைச் சரியாகத்தான் கணித்தார்கள், ஆனாலும் பணம் போயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதனால் இத்தகைய நிறுவனத்தின் அறிக்கை வந்தால் நான் முதலில் கையிருப்புப் பணத்தைப் பார்ப்பேன். அது எத்தனை காலாண்டுகளுக்குத் தாங்கும்? தீர்ந்தால் புதிய பங்குகளை வெளியிடுவார்கள், நிறுவனத்தில் பழைய பங்குதாரருக்கு உள்ள உரிமை விகிதம் சுருங்கும்.

2024 ஜூலையில் ஃபோக்ஸ்வாகனின் பவர்கோ நிறுவனத்துக்கு உற்பத்தி உரிமம் தர குவாண்டம்ஸ்கேப் ஒப்பந்தம் செய்தது. பெரும் ஆலைச் செலவு பவர்கோவுக்கு, உரிமத்தொகை குவாண்டம்ஸ்கேப்புக்கு. நல்ல வழி என்றே நினைக்கிறேன். வாங்க நினைக்கும் நேயர்கள், அந்த உரிமத்தொகை ஒரு கிலோவாட்-மணி கொள்ளளவுக்கு எவ்வளவு இருக்கலாம், 2024இன் 115 டாலர் என்ற சராசரி விலை அதற்கு எவ்வளவு இடம் விடும் என்று ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.