ஹால்ஃபயா கணவாயில் 12 மட்டில்டாக்கள்

வணக்கம். பொம்மை டாங்கிகளை வைத்து மேசையில் ஆடும் போர் விளையாட்டு இது. முதலில் மேசையைப் பாருங்கள். 6 அடிக்கு 4 அடி, மணல் நிறத் துணி, ஒரு ஓரத்தில் மேடு. நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இந்த வெறுமைதான் பாலைவன டாங்கிப் போரை ஆடுவதற்கு இவ்வளவு கடினமாக்குகிறது.

களம் 1941 ஜூன் 15, எகிப்து, லிபியா எல்லைப் பக்கம் இருக்கும் ஹால்ஃபயா கணவாய். நான் பிரிட்டிஷ் பக்கம், ஜெர்மன் பக்கம் என் நண்பர். என்னிடம் 12 மட்டில்டாக்கள், அதாவது கனமான கவசம் கொண்ட பிரிட்டிஷ் டாங்கிகள். எல்லாம் 15 எம்எம் அளவு, அதாவது ஒரு ஆள் பொம்மை சுமார் 15 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். உண்மையான மட்டில்டாவின் முன்பக்கக் கவசம் 78 மில்லிமீட்டர் என்பதால், அன்றைய சின்ன பீரங்கிகளின் குண்டெல்லாம் இதில் பட்டுத் தெறித்துவிடும். அந்தத் தைரியத்தில் முதல் ஆட்டத்தில் நேராக ஏற்றிவிட்டேன்.

எதிரே மேசையில் எதுவும் தெரியவில்லை. பீரங்கிகள் இருக்கும் இடத்தை நண்பர் தாளில் குறித்து வைத்திருந்தார். சுட்ட பிறகுதான் பொம்மையை எடுத்து வைப்பார். அன்றைக்கு ஜெர்மானியர்கள் விமானங்களைச் சுடுவதற்காகச் செய்த 88 மில்லிமீட்டர் பீரங்கியை, குழாய் மட்டும் மணலுக்கு மேல் தெரியும்படி புதைத்து வைத்திருந்தார்கள். ஐந்தாவது சுற்று முடிந்தபோது என்னிடம் இரண்டே டாங்கிகள். உண்மையான போரிலும் மேட்டின் மேல் போன 12 மட்டில்டாக்களில் தப்பியது ஒன்றுதான்.

ஏன் திருப்பிச் சுடவில்லை என்று கேட்பீர்கள். சுட்டேன். ஆனால் மட்டில்டாவின் 2 பவுண்டர் பீரங்கிக்குக் கொடுத்திருந்தது வெறும் இரும்புக் குண்டு, வெடிக்காது. டாங்கியைத் துளைக்கும், குழிக்குள் பதுங்கியிருக்கும் ஆட்களை ஒன்றும் செய்யாது. அந்த வேலைக்குப் பின்னாலிருந்து வெடிகுண்டு போடும் பீரங்கிகள் வேண்டும். அன்றைக்கு அவை மெல்லிய மணலில் சிக்கிக்கொண்டன.

அதனால் இரண்டாவது ஆட்டத்துக்கு ஒரு விதி சேர்த்தோம். ஒவ்வொரு சுற்றும் பகடை உருட்ட வேண்டும், 5 அல்லது 6 விழுந்தால் பீரங்கிகள் வந்து சேரும். நான்காவது சுற்றில்தான் விழுந்தது! அதுவரை மேட்டுக்குப் பின்னால் சும்மா நிற்பது எனக்குப் பெரிய சோதனை. நகர்ந்தால் பின்னால் பஞ்சு வைப்போம், அதுதான் புழுதி. பஞ்சைப் பார்த்தாலே எங்கே இருக்கிறேன் என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், கணவாயின் கீழ்ப்பக்கம். அங்கிருந்து ஏறியது 4வது இந்திய டிவிஷனின் 11வது பிரிகேட், காலாட்படை. இவர்களை விட்டுவிட்டு டாங்கிகளை மட்டும் வைத்து ஆடுவது எனக்குப் பிடிக்காது. பீரங்கிக் குண்டு விழத் தொடங்கியதும் அவர்களைத்தான் முதலில் நகர்த்தினேன், டாங்கிகள் பிறகு.

இந்த முறை 7 மட்டில்டாக்கள் மிஞ்சின. கணவாய் மட்டும் கிடைக்கவில்லை, கடைசி 88 ஒன்று அசையவே இல்லை. அடுத்த வீடியோவில் பக்கம் மாறுகிறோம். எங்கே குழி தோண்டுவது என்று இப்போதே தாளில் குறிக்கத் தொடங்கிவிட்டேன்.