41 கரண்ட் பெட்டிகள்: நான் பார்த்த ஆர்வி பார்க்

வணக்கம் நண்பர்களே! டெக்சாஸின் தெற்கு மூலையில், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ஒரு ஆர்வி பார்க், அதாவது வீடு போல வசதியுள்ள வண்டிகளை நிறுத்தித் தங்க வாடகைக்கு இடம் தரும் பார்க், விலைக்கு வந்திருக்கிறது என்று போன வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. 60 இடங்கள், விலை 15 லட்சம் டாலர். வருட நிகர வருமானம் 1,20,000 டாலர், அதாவது 8 சதவீத கேப் ரேட் (விலையில் வருட நிகர வருமானம் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) என்று தாளில் போட்டிருக்கிறார்கள். நம் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், தாளை மூடி வைத்துவிட்டு முதலில் ஒவ்வொரு இடத்திலும் வண்டிக்கு மின்சாரம் தரும் கரண்ட் பெட்டியைத்தான் திறப்பேன்.

60 பெட்டிகளையும் திறந்தேன். இரண்டரை மணி நேரம், நல்ல வெயில். 41 பெட்டிகளில் 30 ஆம்ப் மட்டும்தான், பெரிய வண்டிகளுக்கு வேண்டிய 50 ஆம்ப் இல்லை! 50-க்கும் 30-க்கும் கொஞ்சம்தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். 30 ஆம்ப் என்றால் 120 வோல்ட்டில் ஒரே லைன், 3,600 வாட். 50 ஆம்பில் அப்படி இரண்டு லைன் வரும், 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல்! இரண்டு மூன்று ஏசி வைத்த பெரிய வண்டிக்காரர் டெக்சாஸ் வெயிலில் 30 ஆம்பை வைத்து என்ன செய்வார்? பக்கத்து பார்க்குக்குப் போய்விடுவார். பெட்டியை மட்டும் மாற்றினாலும் போதாது, மண்ணுக்குள் ஓடும் கேபிளையும் தோண்டி மாற்ற வேண்டும்.

சொல்ல விட்டுப்போனது, பார்க் நிறைந்திருந்தது. குளிர்காலத்தில் நிறையத்தான் செய்யும். மினசோட்டா, அயோவா, கனடா பக்கமிருந்து பனிக்குத் தப்பி வரும் பெரியவர்களுக்கு அங்கே ‘விண்டர் டெக்சன்’ என்றே பெயர். வெயில் ஏறியதும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அதனால் 12 மாத வாடகைக் கணக்கும் கேட்டேன். ஜனவரி மட்டும் வந்திருக்கிறது.

அப்புறம் சம்பளம். உரிமையாளரும் மனைவியும் அங்கேயே குடியிருந்து எல்லா வேலையும் பார்க்கிறார்கள், தாளில் சம்பளம் பூஜ்யம். எனக்கு இது அறவே பிடிக்காது. டல்லாஸில் இருக்கும் நான் ஆள் வைத்தே ஆக வேண்டும். வருடம் 36,000 என்று போட்டால் மிஞ்சுவது 84,000. கேப் ரேட் 5.6-க்கு இறங்கிவிடுகிறது! அதே 8 சதவீதம் கிடைக்க வேண்டுமென்றால் விலை பத்தரை லட்சம்தான்.

அதைத்தான் சொல்லிவிட்டு வந்தேன், கரண்ட் வேலைச் செலவை அதிலும் கழிப்பேன் என்று. எலெக்ட்ரீஷியன் வெள்ளிக்கிழமை வருகிறார். கழிவுநீர்க் குழாய்க்குள் அன்றைக்கே கேமரா விடுகிறோம், அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.