டெபியன் தானியங்கி நிறுவல் ரெய்டில் சிக்கினால் எங்கே பார்ப்பது?

[திரை: சிவப்புப் பின்னணியில் இன்ஸ்டாலரின் பிழைச் செய்தி]

புது சர்வர், காலி டிஸ்க் இரண்டு. இன்ஸ்டாலரின் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைத்த ப்ரிசீட் கோப்பைக் கொடுத்தோம், டெபியன் லினக்ஸ் தானாக ஏறி, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டாவை எழுதும் ரெய்டு 1-உம் அமைந்து, அழகாக பூட் ஆனது. சில மாதம் கழித்து அதே சர்வரில் அதே கோப்பை வைத்து மறுபடி நிறுவினால் பார்ட்டிஷன் கட்டத்திலேயே சிவப்புத் திரை. கோப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மென்பொருள் ரெய்டோடு தானியங்கி நிறுவல் செய்பவர்கள் என்றாவது ஒரு நாள் இதில் மாட்டுவார்கள், அதனால் இந்த வீடியோவில் பெரும்பகுதி இதற்குத்தான்.

முதலில் ஒன்று. அந்தச் சிவப்புத் திரை எந்தப் படி நின்றது என்று சொல்லுமே தவிர, ஏன் நின்றது என்று சொல்லாது. ஆல்ட்டோடு எஃப்4 அழுத்தினால் லாக் ஓடுவது தெரியும், எஃப்2 அழுத்தினால் கட்டளை தட்ட ஒரு ஷெல் கிடைக்கும் (கிராஃபிக்கல் இன்ஸ்டாலர் என்றால் கண்ட்ரோலையும் சேர்த்து அழுத்துங்கள்). அந்த லாக் பதிவாகும் சிஸ்லாக் கோப்பைத் திறந்து, கடைசி வரியில் நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருந்து முதல் பிழையைப் பிடியுங்கள், பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அதன் வால்தான்.

[திரை: ஷெல்லில் எம்டிஸ்டாட் கோப்பின் உள்ளடக்கம்]

சரி, இப்போது ரெய்டு. ப்ராக் அடைவில், ஓடிக்கொண்டிருக்கும் ரெய்டுகளைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைப் பாருங்கள். நாம் இன்னும் எதையும் உருவாக்காத நேரத்திலேயே எம்டி0 என்றோ எம்டி127 என்றோ ஒரு வரி இருந்தால், அது போன நிறுவலின் ரெய்டு. இன்ஸ்டாலர் டிஸ்கைப் பார்த்ததும் பழையதை எழுப்பிவிட்டது, அது டிஸ்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நம் கோப்பு புதிதாகப் பிரிக்கப் போனால் 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்று அடம் பிடிக்கிறது.

"ஆனால் நான் டிடி கட்டளை போட்டு டிஸ்கின் முதல் 1 எம்பி-யை அழித்துவிட்டேனே" என்பார்கள். போதாது. ஏன் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இன்று வழக்கமாக முதல் பார்ட்டிஷன் 2048-ஆவது செக்டாரில் தொடங்குகிறது, செக்டார் 512 பைட் என்றால் சரியாக 1 எம்பி தள்ளி. ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் நிரல் இப்போது இயல்பாக எழுதும் 1.2 வகை சூப்பர்பிளாக் (இது இந்த ரெய்டின் பகுதி என்று சொல்லும் அடையாளம்) இருப்பதோ அந்தப் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி. ஆக நீங்கள் அழித்தது பார்ட்டிஷன் அட்டவணையை மட்டும், சூப்பர்பிளாக் அதற்கு அடுத்த வீட்டில் சுகமாக இருக்கிறது. இன்ஸ்டாலர் புது அட்டவணை எழுதி, அதே 2048-இல் புதுப் பார்ட்டிஷனைத் தொடங்கியதும் பழைய அடையாளம் மறுபடி தலைகாட்டும்.

அழிப்பதற்கு வரிசை முக்கியம். ரெய்டுக்கு மேலே எல்விஎம் (டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்துத் தரும் அடுக்கு) இருந்தால் முதலில் அந்த வால்யூம் குழுவை முடக்க வேண்டும். அப்புறம் எம்டிஆட்மின் ஸ்டாப் கட்டளையால் ரெய்டை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் அதன் ஜீரோ-சூப்பர்பிளாக் கட்டளை. அட்டவணையை அழிப்பது கடைசியில்தான், ஏனென்றால் அட்டவணை முதலில் போய்விட்டால் பார்ட்டிஷன்களே கண்ணுக்குத் தெரியாது, எதில் போய் சூப்பர்பிளாக்கை அழிப்பது? இதையெல்லாம் ப்ரிசீட்டில், இன்ஸ்டாலரின் பார்ட்டிஷன் பகுதியான பார்ட்மேனின் எர்லி-கமாண்ட் வரியில் போடலாம், பார்ட்டிஷன் கட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் அது ஓடும். பழைய ரெய்டை நீக்கட்டுமா என்ற கேள்விக்கு ப்ரிசீட்டிலேயே ஆம் என்று பதில் கொடுத்து வைப்பதும் அவசியம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க நான் சொல்ல மாட்டேன்.

விர்ச்சுவல் மெஷினில் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒவ்வொரு முறையும் புது டிஸ்க் கோப்பு உருவாக்கிச் சோதித்தால் இந்தச் சிக்கல் உங்களுக்கு வரவே வராது. ஒரு முறை நிறுவிய டிஸ்க்குகளின் மேலேயே இரண்டாவது முறை நிறுவிப் பாருங்கள்.

[திரை: ரெய்டு ரெசிபி, எஸ்டிஏ1, எஸ்டிபி1 பெயர்கள் வட்டமிட்டு]

அடுத்தது டிஸ்க் பெயர்கள். எந்தப் பார்ட்டிஷன்களைச் சேர்த்து ரெய்டு அமைப்பது என்று ப்ரிசீட்டில் சொல்லும் ரெசிபியில் எஸ்டிஏ1, எஸ்டிபி1 என்று எழுதிவிட்டோம். நிறுவலுக்குச் செருகிய பென்டிரைவே எஸ்டிஏ ஆகிவிட்டால்? என்விஎம்இ டிஸ்க் என்றால் பெயரே வேறு. அதனால் பென்டிரைவை விட்டு நெட்வொர்க் பூட்டுக்குப் போவதுதான் எனக்குப் பிடித்த வழி. இன்னொரு சில்லறை விஷயம், ஆனால் ஆளைக் கொல்லும்: ப்ரிசீட் வரியில் வகைக்கும் மதிப்புக்கும் நடுவே ஒரே ஒரு இடைவெளிதான் இருக்க வேண்டும். அழகுக்காக இரண்டு விட்டால் இரண்டாவது இடைவெளி மதிப்போடு சேர்ந்துவிடும். கோப்பின் வடிவத்தை முன்கூட்டியே பார்க்க டெப்கான்ஃப்-செட்-செலக்ஷன்ஸ் கட்டளையை சி விருப்பத்தோடு ஓட்டலாம்.

இனி பேக்கேஜ்கள். டெபியன் 10-க்கு எழுதிய கோப்பில் சேர்க்க வேண்டிய பேக்கேஜ் பட்டியலில் வெறும் பைத்தான் என்று இருந்தால் 11-இல் அது கிடையாது. அந்த ஒரு பெயருக்காக மென்பொருள் நிறுவும் படி முழுவதும் விழும். டெபியனுக்கு வெளியே உள்ள பேக்கேஜ் களஞ்சியம் (ரெப்போ) சேர்த்திருந்தால் இன்னும் வேடிக்கை: டெபியன் 11-க்குக் கட்டிய பேக்கேஜ் லிப்எஸ்எஸ்எல் 1.1 என்ற லைப்ரரியைக் கேட்கும், 12-இல் இருப்பதோ லிப்எஸ்எஸ்எல் 3. ஷெல்லுக்குப் போய், புது சிஸ்டம் ஏறிக்கொண்டிருக்கும் டார்கெட் அடைவுக்குள் சிஎச்ரூட் கட்டளையால் நுழைந்து, பேக்கேஜ் நிறுவும் ஆப்ட்-கெட்டை எஸ் விருப்பத்தோடு ஓட்டுங்கள், எதையும் நிறுவாமல் யாருக்கு எது கிடைக்கவில்லை என்று பெயர் சொல்லிவிடும். என் வழக்கம், பட்டியலில் எஸ்எஸ்எச் சர்வர் மாதிரி இரண்டு மூன்று மட்டும் வைப்பது. மற்றதெல்லாம் முதல் பூட்டுக்குப் பிறகு, சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவியான ஆன்சிபிள் பார்த்துக்கொள்ளட்டும், அங்கே விழுந்தால் குறைந்தபட்சம் உள்ளே நுழைந்து பார்க்கவாவது ஒரு சிஸ்டம் இருக்கும்.

நெட்வொர்க் பூட்டுக்கு வைத்திருக்கும் நெட்பூட் கர்னலை மாதக்கணக்கில் புதுப்பிக்காமல் வைத்திருந்தால், கர்னல் மாட்யூல்கள் கிடைக்கவில்லை என்று இன்ஸ்டாலர் நிற்கும். பேக்கேஜ்கள் இறங்கும் மிரர் சர்வர் புது கர்னலுக்கு முன்னே போய்விட்டது. புது நெட்பூட் கோப்புகளை இறக்கினால் முடிந்தது.

[திரை: நிறுவல் முடிந்த சிஸ்டம், டெர்மினல்]

ரெய்டும் டிபெண்டன்சியும் (ஒரு பேக்கேஜ் இன்னொன்றைச் சார்ந்திருப்பது) சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. இடம் மிச்சம் பிடிக்க 'பரிந்துரைக்கப்படும் பேக்கேஜ்கள் வேண்டாம்' என்று ப்ரிசீட்டில் எழுதுவோம். எம்டிஆட்ம் பரிந்துரைப்பதில் ஒன்று மெயில் அனுப்பும் நிரல். அது வராது, நிறுவலும் பிழையில்லாமல் முடியும், ஆனால் டிஸ்க் ஒன்று செத்தால் சொல்ல ஆளில்லை. மெயில் நிரல் ஒன்றைப் பட்டியலில் நீங்களே சேர்த்துவிட்டு, நிறுவியதும் எம்டிஆட்மின் மானிட்டர் கட்டளையை ஸ்கேன், ஒன்ஷாட், டெஸ்ட் மூன்றோடும் ஓட்டுங்கள். ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு சோதனை மெயில் ரூட்டுக்கு வர வேண்டும். அப்படியே சிஸ்டத்தை பூட் செய்யும் நிரலான க்ரப் இரண்டு டிஸ்க்கிலும் ஏறியிருக்கிறதா என்று முதல் டிஸ்க்கைக் கழற்றி ஒரு முறை பூட் செய்து பாருங்கள், சர்வரில் டேட்டா ஏற்றுவதற்கு முன்னால்.